உயிலில் தர்மத்துக்கு எழுத நினைக்கிறேன்: வயலாகவா, பணமாகவா?

குடமுருட்டிக்கரை · திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர். நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 71. வீட்டுக்காரம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகுட்டி இல்லை.

இருப்பது ஏழு மா நஞ்சை (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு, ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர்), தெருவில் ஒரு ஓட்டு வீடு, பேங்கில் கொஞ்சம் டெபாசிட், அவள் நகை கொஞ்சம். அண்ணன் மகள் கும்பகோணத்தில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை வந்து, ஃப்ரிட்ஜில் இருக்கிற பழசையெல்லாம் கொட்டிவிட்டு, என்னையும் நாலு திட்டு திட்டிவிட்டுப் போவாள். வீடும் நகையும் அவளுக்குத்தான், அதில் பேச்சே இல்லை. தங்கை பையன்கள் இரண்டு பேர் வெளியூரில் நன்றாகவே இருக்கிறார்கள்.

வயலைப் பற்றித்தான் யோசனை. எங்கள் ஊரிலிருந்து ஆறு மைலில் ஒரு முதியோர் இல்லம். என் மாமியார் கடைசி இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தார். முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஐந்து மாவை உயிலில் எழுதி வைக்கலாம் என்று ஆசை. நான் வேலை பார்த்த பள்ளிக்கும் ஏதாவது செய்யணும். இதை டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து 'கோயிலுக்கு எழுதிடுங்க வாத்யாரே' என்று ஒரு கட்சி, 'எதுக்கு சார், எவனாவது தின்னுட்டுப் போவான்' என்று ஒரு கட்சி.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வயலாகவே எழுதலாமா? முத்திரைத்தாள் வேண்டுமா? பதிவு செய்தே ஆகணுமா?

வெட்டாறு · திங்கள், இரவு 9.31

சார், ஏழு மாவும் நீங்க வாங்கினதா, அப்பா வழியா?

குடமுருட்டிக்கரை · திங்கள், இரவு 9.40

அஞ்சு மா 1996-ல் நான் கிரையம் வாங்கினது. ரெண்டு மா அப்பா வழி, பாகப்பத்திரம் இருக்கு. இல்லத்துக்கு நினைக்கிறது வாங்கினதைத்தான்.

கறுப்புக்கோட்டு · திங்கள், இரவு 10.05

அப்படியானால் பாதிச் சிக்கல் இல்லை. சுயார்ஜிதத்தை, அதாவது தானே சம்பாதித்து வாங்கியதை, யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். தங்கை மகன்கள் எனக்கு ஏன் இல்லை என்று கேட்க உரிமை கிடையாது. பாகத்தில் வந்ததிலும் உங்கள் பங்கை எழுதத் தடையில்லை, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 30-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. நாளை கோர்ட் முடிந்து வந்து மீதியை எழுதுகிறேன்.

பத்திரக்காரர் · செவ்வாய், காலை 6.15

மன்னார்குடியில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதினவன், இப்போது கண் பார்வை போய் ஓய்வில் இருக்கிறேன். வாத்தியாருக்கு வணக்கம்.

முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதினாலும் செல்லும், டைப் அடித்தாலும் செல்லும். கடைசியில் நீங்கள் கையெழுத்துப் போடணும். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டால் நடுவில் தாள் மாற்ற முடியாது. இரண்டு சாட்சி. நீங்கள் போடுவதை அவர்கள் பார்க்கணும், அவர்கள் போடுவதை நீங்கள் பார்க்கணும். சாட்சி உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சொத்து பெறுகிறவர் யாரும் சாட்சியாக வேண்டாம். முதியோர் இல்லத்து மேனேஜரை சாட்சி போட்டு விடாதீர்கள், வேறு வினையே வேண்டாம்.

பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதியுங்கள். மகனுக்கு எழுதின உயிலை ஊர் நம்பும். இல்லத்துக்கு எழுதினால் 'கிழவனை மயக்கிட்டாங்க' என்பார்கள். சார்பதிவாளர் முன்னால் நின்று நான்தான் எழுதினேன் என்று நீங்களே சொன்னதற்கு ஒரு பதிவு இருந்தால் பாதி வாய் அடைபடும். அன்றைக்குக் காலையில் உங்களைப் பார்க்கிற டாக்டரிடம் 'நல்ல நினைவோடு இருக்கிறார்' என்று ஒரு சீட்டும் வாங்கிச் சேர்த்து வையுங்கள். ரகசியமாக இருக்கணும் என்றால் உறையில் போட்டு சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. பல பேருக்கு அது தெரியாது.

சாட்சி வயசு முக்கியம். ஒரு பெரியவர், 82 வயசில் உயில் எழுதினார். சாட்சி இரண்டு பேரும் அவரோடு திண்ணையில் சீட்டாடுகிறவர்கள், ஒருத்தருக்கு 80, ஒருத்தருக்கு 79. பெரியவர் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். அவர் போனபோது சாட்சிகள் இரண்டு பேரும் முன்னமே போய் இடம் பிடித்திருந்தார்கள். வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறிச் சொல்லணும். யாரும் உயிரோடு இல்லை என்றால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்கணும். பழைய செக், ரேஷன் கடைக் கையெழுத்து என்று தேடி அலைந்தார்கள். அதனால் உங்களை விட இருபது வயசு சின்னவர்களைப் போடுங்கள். முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும், அதனால் காரணம் சொல்லாமல் போடுங்கள்.

இன்னொன்று. யாராவது 'உயில் எதுக்கு சார், தான செட்டில்மென்ட்டாவே எழுதிடுங்க' என்று பேனாவை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 'என் ஆயுளுக்குப் பிறகு' என்று வந்தால்தான் உயில். 'இன்று முதல்' என்று வந்தால் அது தானம், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. ஒரு அம்மா வீட்டை ஒரு டிரஸ்டுக்கு அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டுக் கூடத்தில் விருந்தாளி மாதிரி ஆறு வருஷம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்திரம் என் கையெழுத்தில்தான் இருந்தது. அது இன்றும் உறுத்துகிறது.

குடமுருட்டிக்கரை · செவ்வாய், காலை 7.02

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சீட்டாட்டக் கூட்டாளிகளைத்தான் நானும் மனசில் வைத்திருந்தேன்.

தாளடி · செவ்வாய், காலை 8.20

எல்லாரும் எப்படி எழுதணும்னு சொல்றீங்க. எழுதினது என்ன ஆகும்னு நான் சொல்றேன்.

எங்க கொள்ளுத்தாத்தா ஒரு வேலி நிலம் கட்டளையா, அதாவது அதோட வருமானத்துல தர்மம் நடக்கணும்னு, எழுதி வச்சார். இருபது மா. சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் ரோட்டோரம் தண்ணீர்ப்பந்தல், தைப்பூசத்தன்னைக்கு நூறு பேருக்குச் சோறு. கல்லுல வெட்டியே வச்சிருக்கார். இப்ப நிலம் எங்கே எந்த சர்வேல இருக்குன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. குத்தகை பாக்கி பல வருஷமா ஓடுது. கல்லு மட்டும் அங்கேயே இருக்கு, அது மேல சைக்கிள சாத்தி வைக்கறாங்க. அதுக்கு நேரெதிர் கடையில தண்ணி பாட்டில் 20 ரூபாய்.

வாத்யாரே, கோபப்படாதீங்க. வயலை எழுதாதீங்க.

வடவாற்றங்கரை · செவ்வாய், காலை 10.45

தாளடி அண்ணே, ஒரு கட்டளை போச்சு என்பதற்காக இந்த மண்ணில் தர்மமே நிற்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி கட்டினார். சத்திரங்களில் சோறு போட்டதோடு பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள்.

உயில் என்றால் நம் பக்கத்துக்கு இன்னும் பெரிய கதை இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-ல் உயில் எழுதியது கும்பகோணத்தில்தான். எழுதிய சில நாளில் திருவையாற்றில் காலமானார். சொத்தில் பெரும்பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதி வைத்தார். சென்னையில் இருக்கும் கல்லூரியின் பெயரை எல்லாரும் அறிவார்கள், அதன் வேர் காவிரிக்கரையில் எழுதிய ஒரு தாளில் இருப்பது பலருக்குத் தெரியாது.

தாளடி · செவ்வாய், காலை 11.02

தம்பி, நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. அந்தக் கல்லூரிக்கு முன்னோடியான பள்ளிக்கூடம் எப்ப ஆரம்பிச்சாங்க? 1842. உயில் 1794. நடுவுல 48 வருஷம். அந்தப் பணம் யார் யார் கையிலயோ கிடந்து, வழக்கு மேல வழக்கு. அட்வகேட் ஜெனரலா இருந்த ஜார்ஜ் நார்ட்டன் புகுந்து அக்கறை எடுத்துக்கலைன்னா இன்னைக்கு அந்தப் பேரே இருந்திருக்காது. வாத்தியாருக்கு நார்ட்டன் கிடைப்பாரா?

வடவாற்றங்கரை · செவ்வாய், காலை 11.30

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே திருவையாற்றில் பெங்களூர் நாகரத்தினம்மாளையும் பாருங்கள். தன் சம்பாத்தியத்தில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாக எழுப்பினார். பெண்களை அங்கே பாட விடாமல் இருந்த காலம். பின்னால் சொத்தையும் சமாதிக்கே உயில் எழுதினார், பெண்களுக்கு அங்கே உள்ள உரிமையைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் போனது 1952-ல். இன்றைக்குத் தை மாதம் பஞ்சரத்னத்தின்போது பெண்கள் வரிசையைப் பாருங்கள். அவர் சாகும்வரை காத்திருக்கவில்லை, உயிரோடு இருக்கும்போதே அந்த இடத்தில் நின்று சண்டை போட்டு நடத்திக் காட்டினார், மிச்சத்தைத்தான் உயிலுக்கு விட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேரேடு · செவ்வாய், பகல் 2.15

நான் ஒரு சின்ன டிரஸ்டில் கணக்கு எழுதுகிறேன். ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம். பதினாலு வருஷத்தில் நாலு உயில் எங்கள் டிரஸ்டின் பெயருக்கு வந்திருக்கிறது. கொடுக்கிறவர் பக்கம் எல்லாரும் பேசுகிறீர்கள், வாங்கிக்கொள்கிறவர் மேஜையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன் சார்.

முதல் உயிலில் எங்கள் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தார்கள். அதே பெயரில் வேறு மாவட்டத்தில் இன்னொரு டிரஸ்ட். பேங்க் ஒரு வருஷம் பணத்தைத் தரவில்லை. அதனால் டிரஸ்டின் முழுப்பெயர், பதிவு எண், பான் எண், விலாசம், எல்லாம் அவர்களிடமே எழுதி வாங்கி அப்படியே போடுங்கள். வாயால் கேட்டு எழுதாதீர்கள்.

இரண்டாவது, வயல். மூன்று மா, குத்தகைக்காரரோடு. எங்களிடம் ஒரு டிரைவர், ரெண்டு சமையல்கார அம்மா, ஒரு நர்ஸ், நான். வாய்க்கால் வெட்டுக்கு யார் போவது? மழை அழித்தால் நிவாரணத்துக்கு அடங்கலை (பயிர்க் கணக்கை) எடுத்துக்கொண்டு யார் அலைவது? பட்டா மாற்றவே இரண்டு வருஷம். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வந்த நெல்லை விடப் போய் வந்த பெட்ரோல் அதிகம். அதை விற்கலாம் என்றால் 'விற்கக்கூடாது, என் பெயரில் நிரந்தரமாக இருக்க வேண்டும்' என்று உயிலில் ஒரு வரி.

மூன்றாவது, ஒரு டீச்சரம்மா பத்தாயிரம் ரூபாய் டெபாசிட், அதன் வட்டியில் வருஷா வருஷம் படிப்பில் முதலில் வரும் பெண்ணுக்குப் பரிசு என்று எழுதியிருந்தார். எழுதின காலத்தில் அது பெரிய பணம். இன்றைக்கு வட்டியில் ஒரு நல்ல சுடிதார் வாங்க முடியவில்லை. நாங்கள் கையிலிருந்து போட்டு அவர் பெயரில் கொடுக்கிறோம், அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. தனியாக இருந்த ஒரு பாட்டி, சொத்து ஒன்றும் கிடையாது. காலால் மிதிக்கிற தையல் மெஷின், ஆறு பித்தளை அண்டா, தபால் ஆபீஸில் கொஞ்சம் பணம், 'இல்லம் இஷ்டம் போல் உபயோகித்துக்கொள்ளலாம்'. அந்த ஒரு வரிக்கு நான் கும்பிடு போடுவேன். பணம் அந்த வருஷம் கழிவறைக் கதவுக்குப் போனது. மெஷின் இன்றும் ஓடுகிறது. பக்கவாட்டில் அவர் மஞ்சள் பெயின்டில் எழுதின முருகா என்பது பாதி தேய்ந்து 'ருகா' மட்டும் இருக்கிறது.

கறுப்புக்கோட்டு · செவ்வாய், இரவு 8.40

பேரேடு அம்மா எழுதியதற்கு மேல் சட்டம் சொல்ல அதிகம் இல்லை. சிலது மட்டும்.

வாத்தியார் சார், எக்ஸிக்யூட்டர் ஒருவரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். உயிலை நிறைவேற்றி வைக்கிறவர். 'இன்ன சர்வே எண் நிலத்தை எக்ஸிக்யூட்டர் விற்று, செலவு போக வருகிற தொகையில் இத்தனை பங்கை இன்ன டிரஸ்டுக்குக் கொடுக்க வேண்டியது' என்று விற்கும் அதிகாரத்தோடு எழுதினால் டிரஸ்டுக்குப் பணமாகப் போய்ச் சேரும். 'அந்த டிரஸ்ட் அப்போது இயங்காவிட்டால் அதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்கு, எக்ஸிக்யூட்டர் முடிவுப்படி' என்று ஒரு வரியும் சேருங்கள். மெட்ராஸ் நகர எல்லைக்குள் சொத்து இருந்தால் ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட்டில் உறுதி செய்து வாங்குவது) கட்டாயம் என்று வெகுகாலம் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லா வயலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை.

டெபாசிட்டில் நாமினி யார்?

குடமுருட்டிக்கரை · செவ்வாய், இரவு 8.52

அண்ணன் மகள்.

கறுப்புக்கோட்டு · செவ்வாய், இரவு 9.00

நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1983-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது, டெபாசிட்டுக்கும் அதே கணக்குதான். டெபாசிட்டில் ஒரு பகுதி தர்மத்துக்கு என்று உயிலில் எழுதினால் நாமினியான மகளுக்கு இப்போதே சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'என் பெயரில்தானே சித்தப்பா போட்டிருந்தார்' என்று அந்தப் பிள்ளை நினைத்ததில் தப்பில்லை.

கூத்தாநல்லூரான் · செவ்வாய், இரவு 9.25

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு இதில் கணக்கே வேறு. கடன், அடக்கச் செலவு போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் (உயில்) எழுத முடியாது. மேலே போனால் மவுத்துக்குப் பிறகு வாரிசுகள் சம்மதிக்கணும். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்பது நபிமொழி. எங்க வாப்பா அந்த மூன்றில் ஒன்றை அவங்க படிச்ச மதரஸாவுக்கும், ஒரு பகுதியைப் பக்கத்துத் தெரு ஏழைப் பிள்ளைங்க காலேஜ் ஃபீசுக்கும் எழுதினாங்க. மிச்சம் எங்களுக்கு எப்படிப் பிரியும்னு ஏற்கெனவே இருக்கறதால வீட்டுல ஒரு முணுமுணுப்பும் இல்லை. எல்லை இருக்கறதும் நல்லதுக்குத்தான்னு அன்னைக்குத் தோணுச்சு.

பூண்டிச்சகோதரி · செவ்வாய், இரவு 10.10

எங்க அப்பா காலத்துல கிறிஸ்தவங்களுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. அண்ணன் தம்பி பிள்ளைங்க மாதிரி நெருங்கின சொந்தம் இருந்தா, தர்மத்துக்கு எழுதற உயிலைச் சாகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எழுதியிருக்கணும், அதைக் குறிச்ச காலத்துக்குள்ள ஒப்படைச்சும் இருக்கணும். சாவைக் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டா எழுத முடியும்? எங்க பெரியப்பா எழுதி நாலே மாசத்துல போயிட்டார், இல்லத்துக்கு எழுதினது செல்லாமப் போச்சு. அது இப்பவும் இருக்கா வக்கீல் சார்?

கறுப்புக்கோட்டு · செவ்வாய், இரவு 10.18

இல்லை அம்மா. 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு. கேரளத்துப் பாதிரியார் ஒருவர் போட்ட வழக்கில் 2003-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

தேம்ஸ்கரைத் தஞ்சாவூரான் · புதன், அதிகாலை 3.40

லண்டன்லேருந்து எழுதறேன். இங்க உயில்ல சாரிட்டிக்கு எழுதறது சர்வசாதாரணம். மார்ச், அக்டோபர் மாசத்துல வயசானவங்களுக்கு வக்கீல்களே இலவசமா உயில் எழுதித் தர்றாங்க, செலவை சாரிட்டிங்க ஏத்துக்குது. அதுக்கு வரியும் ஒரு காரணம். சொத்து வரம்புக்கு மேல போனா 40 சதவீதம் வாரிசு வரி. கணக்குல வர்ற சொத்துல பத்துல ஒரு பங்கை சாரிட்டிக்கு எழுதினா அது 36 ஆயிடும். நம்ம ஊர்ல எஸ்டேட் வரியை 1985-லயே எடுத்துட்டாங்க, அதனால அங்க எழுதறவங்க வரிக்காக எழுதறதில்லை, மனசுக்காகத்தான்.

இன்னொன்னு சொல்லணும். எங்க பெரிய மாமா திருவாரூர் பக்கம். ஒண்டிக்கட்டை. என்னைப் படிக்க வச்சவர். அவர் போனப்போ பதினாறாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வேட்டிக்கு அடியில, ரசகற்பூர வாசனையோட உயில். வீடு, நிலம் எல்லாம் ஒரு ஆசிரமத்துக்கு. எனக்கு அந்தச் சொத்து வேண்டாம், சத்தியமா. ஆனா அந்த ஆசிரமத்தோட பேரை அவர் வாயால நான் ஒருநாளும் கேட்டதில்லை. மாசா மாசம் போன்ல பேசினோம், மழை பெஞ்சுதா, மேட்டூர் திறந்தாங்களான்னு எல்லாம் பேசினோம். எங்க அக்கா கேஸ் போட்டா. பணத்துக்காக இல்ல, 'மாமா எங்களை மறந்துட்டார்'ங்கற கோவத்துக்கு. ஏழு வருஷம் கழிச்சு வாபஸ் வாங்கினா. அதுக்குள்ள வீட்டுக் கூரை உள்ளே விழுந்துடுச்சு.

வாத்தியார் சார், உங்க அண்ணன் மகளை உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுங்க.

தாளடி · புதன், காலை 7.30

இது நியாயம். இதுக்கு நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

வெட்டாறு · புதன், காலை 9.05

எல்லாரும் ஏழு மா, அஞ்சு மான்னு பேசறீங்க. வயலை யார் பாக்கறாங்க சார்?

குடமுருட்டிக்கரை · புதன், காலை 9.50

இந்தக் கேள்வியை யாரும் கேட்கலையே என்று இருந்தேன். இல்லை, உண்மையைச் சொன்னால் கேட்காமல் இருந்தால் நல்லது என்று இருந்தேன்.

என் மாணவன் ஒருத்தன்தான். எட்டாவதோடு நின்றவன். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறான். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். போகத்துக்கு மாவுக்கு இரண்டு மூட்டை. தண்ணீர் வராத வருஷம் நான் கேட்டதில்லை, நல்ல வருஷம் அவன் குறைத்ததில்லை. பட்டத்து மேட்டில் அவன் வைத்த தென்னை எட்டு.

கறுப்புக்கோட்டு · புதன், பகல் 1.20

சார், எழுத்து இல்லாவிட்டாலும் குத்தகைதான். 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவரைக் காக்கும். நிலத்தை விற்றாலும் வாங்குகிறவர் அவரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார், அதனால் விலை அடிபடும். எழுதாமல் விட்டால் உங்களுக்குப் பிறகு டிரஸ்ட் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் உங்கள் அண்ணன் மகள்.

பத்திரக்காரர் · புதன், பகல் 2.10

எங்கள் பக்கத்தில் வழக்கம் என்ன? குத்தகைக்காரனுக்கு ஒரு பங்கை விட்டுக் கொடுத்து மிச்சத்தை விற்பார்கள். எத்தனை என்பது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர். உயிலிலேயே எழுதிவிட்டால் பஞ்சாயத்து இல்லை. 'முதலில் இன்னாருக்கு, இன்ன விலைக்குக் கேட்க வேண்டியது, மூன்று வருஷத் தவணை தர வேண்டியது' என்று நான் இரண்டு உயில் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் வழக்கு வரவில்லை.

பேரேடு · புதன், பகல் 2.40

சார், தொகையாக எழுதாதீர்கள், பங்காக எழுதுங்கள். இன்றைக்கு நாலு லட்சம் என்று எழுதினால் நீங்கள் இன்னும் இருபது வருஷம் நன்றாக இருந்துவிட்டு (இருப்பீர்கள்) போகும்போது அது டீச்சரம்மாவின் பத்தாயிரம் மாதிரி ஆகிவிடும். வருகிறதில் பாதி என்றால் என்றைக்கும் பாதி.

பள்ளிக்கு உயில் வேண்டாம், இப்போதே கையால் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகவே கொடுக்கலாம். இன்னொரு லாபம்: பதிவு பெற்ற டிரஸ்டுக்கு உயிரோடு இருக்கும்போது பேங்க் மூலம் கொடுத்தால் 80ஜி என்று சொல்கிற வருமான வரிக் கழிவு, பழைய வரி முறையில் இருந்தால். ரொக்கம் என்றால் 2,000-க்கு மேல் கணக்கில் வராது. உயிலில் கொடுப்பதற்கு எந்தக் கழிவும் இல்லை.

குடமுருட்டிக்கரை · ஞாயிறு, இரவு 8.30

நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கணும். வியாழக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவர் தலையைச் சொறிந்தார். 'ஐயா, வயல் மட்டும் வேண்டாங்கய்யா' என்றார். ஏற்கெனவே இரண்டு மா அவர்களிடம் கிடந்து தரிசாகிவிட்டதாம். வேறென்ன வேண்டும் என்று கேட்டதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேற்குப்பக்க வார்டைக் காட்டினார். ஐப்பசி மழைக்கு அங்கே கட்டிலை நகர்த்தி நகர்த்தியே போடுகிறார்கள், தரையில் கட்டில் கால் இழுத்த கோடு அரை வட்டமாகப் பதிந்திருக்கிறது. மாமியார் படுத்திருந்த கட்டில் இருந்த இடத்திலும் அந்தக் கோடு இருந்தது. மாமியார் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

அந்தக் கூரைக்கு உயில் வரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. டெபாசிட்டில் ஒன்றை உடைத்துக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கும் ஒரு தொகை.

நேற்று அண்ணன் மகளை உட்கார வைத்துப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'வீடு எனக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டேன் சித்தப்பா, எனக்கு வேணும். வயலை நீங்க என்ன செஞ்சாலும் சரி. ஆனா என்னைய எக்ஸிக்யூட்டரா போடுங்க, வேற யாரையும் போடாதீங்க' என்றாள். போடலாமா?

கறுப்புக்கோட்டு · ஞாயிறு, இரவு 8.45

தாராளமாக. சொத்து பெறுகிறவர் எக்ஸிக்யூட்டராக இருக்கத் தடையில்லை. சாட்சியாக மட்டும் வேண்டாம். அவருக்கு முடியாமல் போனால் என்று மாற்றாக ஒருவர் பெயரையும் எழுதுங்கள்.

பத்திரக்காரர் · ஞாயிறு, இரவு 9.20

நகலை வாசித்துக் காட்டினால் கேட்கிறேன் வாத்தியாரே. என் பேரன் போனில் போட்டுக் கொடுப்பான்.

குடமுருட்டிக்கரை · 23 நாள் கழித்து, மாலை 6.40

இன்று பதிவு முடிந்தது. பத்திரக்காரர் ஐயா போனில் இரண்டு முறை திருத்தினார். 'மேற்படி' என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது, தமிழ் வாத்தியாராக எனக்கு அது மட்டும் குறை. சாட்சி, ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பையனும், என் பள்ளியில் இப்போது இருக்கும் கணக்கு டீச்சரும். மருந்துக்கடைப் பையன் ஆதாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அவன் போய் எடுத்து வரும் வரை நாங்கள் எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்தோம்.

அஞ்சு மா: முதலில் குத்தகைக்காரனுக்குக் கேட்க வேண்டியது, அன்றைய வழிகாட்டி மதிப்பில் (அரசு குறித்த நில விலையில்) மூன்றில் ஒரு பங்கைத் தள்ளி, மூன்று வருஷத் தவணையில். வருகிற பணத்தில் முக்கால் பங்கு இல்லத்துக்கு, நிபந்தனை ஏதும் இல்லாமல். கால் பங்கு அண்ணன் மகளுக்கு. அப்பா வழி இரண்டு மாவும் அவளுக்கே.

வரும் வழியில் வயலுக்குப் போனேன். குத்தகைக்காரன் இரண்டாம் போக நடவுக்கு அண்டை வெட்டிக்கொண்டிருந்தான். சொன்னேன். மண்வெட்டியை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'சார், வடக்கு வரப்புல மடை இடிஞ்சு கிடக்கு. அதை இந்த வருஷமே கட்டிடலாமா, இல்ல நான் வாங்கினப்பறம் கட்டிக்கட்டுமா?' என்றான்.

இந்த வருஷமே கட்டலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். செங்கல்லுக்கு நாளைக்குச் சொல்லணும்.

தாளடி · 23 நாள் கழித்து, இரவு 7.15

பட்டீஸ்வரம் பக்கம் நல்ல சூளை ஒண்ணு தெரியும் வாத்யாரே. காலைல போன் பண்றேன்.